டயர் மாற்றக் கூலி பத்து வெள்ளி

என் கணக்கியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. விரிவுரையாளர் கொடுத்ததல்ல, எனக்கு நானே போட்டுக்கொண்டது. இடப்பக்கம் 'கடையில் 97 வெள்ளி', வலப்பக்கம் 'நானே செய்தால் 75 வெள்ளி', கீழே இரண்டு கோடு இழுத்து 'மிச்சம் 22 வெள்ளி'. அதற்கும் கீழே வேறு வேறு மையில், வேறு வேறு நாளில் எழுதிய வரிகள் பக்கத்தின் அடிவரை போகின்றன. இந்தக் கட்டுரை அந்த வரிகளைப் பற்றியது.

எங்கள் வீடு கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டிய ஒரு தாமானில். அப்பா லோரி ஓட்டுநர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவருடைய பழைய ஈ.எக்ஸ்.5 மோட்டார்தான் இப்போது என்னுடையது. காலை ஆறு மணிக்கு அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேரு பக்கம் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, அங்கிருந்து ஷா ஆலாமில் உள்ள என் கல்லூரிக்குப் போவேன். மாலையில் வாரத்துக்கு மூன்று நாள் உணவு அனுப்பும் வேலை. ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பின் டயர் எவ்வளவு நாள் தாங்கும்? எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம்.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் டி.டபிள்யு.ஐ. என்ற எழுத்தோ ஒரு முக்கோணமோ அந்த இடத்தைக் காட்டும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். என் டயர் மேட்டையும் தாண்டிப் பளபளவென்று ஆகியிருந்தது. மழை நாளில் வட்டச்சாலையில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக வழுக்குவதை அம்மாவும் உணர்ந்துவிட்டார்.

வழக்கமாகப் போகும் மோட்டார் பட்டறையில் விலை கேட்டேன். டயர் 75, டியூப் 12, மாற்றும் கூலி 10. மொத்தம் 97 வெள்ளி. கைப்பேசியில் அதே அளவு டயர் 58 வெள்ளிக்கு இருந்ததைக் காட்டி, "வாங்கி வந்தா மாட்டித் தருவீங்களா அண்ணே?" என்றேன். "மாட்டலாம் தம்பி. கூலி இருபது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதே சக்கரம், அதே கை, அதே பதினைந்து நிமிடம். அவரிடம் வாங்கினால் பத்து, வெளியில் வாங்கினால் இருபதா? டயரும் தபால் செலவும் 64, டியூப் 11, கூலி 20 என்று கூட்டினால் 95 ஆகிறது. இவ்வளவு அலைந்து இரண்டு வெள்ளி மிச்சம். கூலியை எடுத்துவிட்டால்? 75. அங்கேதான் அந்த இரண்டு கோடுகள் விழுந்தன.

டயர் மாற்றும் கம்பி இரண்டு 18 வெள்ளி, காலால் மிதிக்கும் காற்றுப் பம்பு 25 வெள்ளி. இந்த 43 வெள்ளி முதலீடு என்று எழுதிக்கொண்டேன். டயருக்கு 22 வெள்ளி மிச்சம் என்றால் இரண்டாவது டயரோடு முதலீடு திரும்பிவிடும். மூன்றாவதிலிருந்து எல்லாம் இலாபம். முதல் பருவத்தில் படித்த பாடத்தை வாழ்க்கையில் பயன்படுத்திவிட்ட பெருமை வேறு.

வாங்கும்போது அளவை மட்டும் சரியாகப் பார்த்தேன். 80/90-17 என்று டயரில் எழுதியிருந்தால் அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 72 மில்லிமீட்டர், உள்ளே ரிம்மின் விட்டம் 17 அங்குலம். ஒரே எண் தொடரில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து கிடப்பதைக் கணித ஆசிரியர் யாராவது பார்த்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார். அளவைப் பார்த்த நான் அதே பக்கவாட்டில் இருந்த இன்னொரு நான்கு இலக்க எண்ணைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, பதினொரு நிமிடக் காணொளி ஒன்றை இரண்டு முறை பார்த்துவிட்டு, வீட்டு முன்வாசலில் வேலையைத் தொடங்கினேன். ஈ.எக்ஸ்.5இன் பின் சக்கரத்தைக் கழற்றுவதே ஒரு தனிப் பாடம். பிரேக் கம்பியின் திருகைக் கழற்ற வேண்டும். பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கையைக் கழற்ற வேண்டும். அதன் நட்டு கழன்றுவிடாமல் ஸ்பிலிட் பின் என்ற சின்னக் கம்பி ஒன்று ஊடே போய் மடங்கி இருக்கும், அதை நிமிர்த்தி உருவ வேண்டும். பிறகு அச்சு, சங்கிலி, பக்கத்துக்கு ஒன்றாக விழும் புஷ்கள். நான் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தரையில் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்தேன். பாட்டி ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "திருப்பி மாட்டத் தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பழைய டயர் ரிம்மை விட்டு வரவில்லை. டயரின் ஓரத்தில், ரப்பருக்குள்ளே எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது. அது நீளாது, சுருங்காது. ரிம்மின் விளிம்போ அந்த வளையத்தைவிடப் பெரியது. அப்படியென்றால் டயரை உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும் எப்படி? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கத்து ஓரத்தைக் காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் விளிம்பைத் தாண்டும் அளவுக்கு இடம் கிடைக்கும். டயர் மாற்றும் வித்தையில் பாதி இதுதான். காணொளியில் அந்த மனிதர் முழங்காலை அழுத்தியதைப் பார்த்தேன். ஏன் அழுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நான் கம்பியைத்தான் அழுத்தினேன், பலம் கொண்ட மட்டும்.

பழையது வந்துவிட்டது. புதியதைப் போடும்போது கடைசி ஒரு சாண் அளவு ஏறவே இல்லை. கம்பியைச் செருகி நெம்பினேன். 'டப்' என்று ஏறியது. காற்றடித்தால் 'புஸ்ஸ்' என்றது. கம்பிக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டி நசுங்கியிருந்தது. 11 வெள்ளி போயிற்று. பக்கத்துத் தெருக் கடைக்கு ஓடி 12 வெள்ளிக்கு இன்னொரு டியூப். எல்லாம் முடிந்து கை கழுவும்போது மூன்றே கால் மணி நேரம் ஓடியிருந்தது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

கணக்குப் பார்ப்பவன் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி ஆனது. மணிக்கு என்றால் 8 வெள்ளி 72 சென். என் மூன்றே கால் மணி நேரத்தின் மதிப்பு அந்தக் கணக்கில் 28 வெள்ளி 34 சென். பத்து வெள்ளிக் கூலியை மிச்சம் பிடிக்க இருபத்தெட்டு வெள்ளி நேரம்! ஆனால் இந்த வாதம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிறு மதியம் எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கக் காத்திருக்கவில்லை. டயர் மாற்றாவிட்டால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். விற்க முடியாத நேரத்துக்கு விலை போட்டுக் கூட்டுவது ஏட்டுக் கணக்கு. அதனால் அந்த 28 வெள்ளியை நோட்டில் எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன்.

காற்றை அளக்க என்னிடம் கருவி இல்லை. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. போதும் என்று விட்டேன். சங்கிலி உறையில் ஒட்டியிருந்த தாளில், ஒருவர் போனால் பின் டயருக்கு ஓர் அளவு, இருவர் போனால் அதைவிடக் கூடுதலான அளவு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் அளவோடு காற்றடிக்கும் இயந்திரம் இருக்கிறது, அதற்குக் காசும் கிடையாது. (அங்கே கிலோபாஸ்கலில் காட்டும். பட்டறையில் பி.எஸ்.ஐ. என்பார்கள். 100 கிலோபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ.) ஒவ்வொரு நாளும் இரண்டு பெட்ரோல் நிலையங்களைத் தாண்டித்தான் போகிறேன். நிற்கவில்லை.

திங்கள் ஓடியது, செவ்வாய் ஓடியது. புதன்கிழமை காலை ஆறே கால் மணி. விளக்குச் சந்திப்பை நெருங்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, சாலையில் லோரிகள் பறித்து வைத்திருந்த ஒரு குழியில் பின் சக்கரம் இறங்கி ஏறியது. அடுத்த சில நொடிகளில் வண்டியின் பின்பக்கம் என் பேச்சைக் கேட்கவில்லை. இடமும் வலமுமாக ஆடிற்று. அம்மா என் சட்டையைப் பிடித்தார், பிடி நழுவியது. நான் வண்டியோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டேன். அம்மா சாலையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா உருண்டு போய் நடுக்கோட்டில் நின்றது. பின்னால் வந்த லோரி விளக்கை அடித்து நிறுத்திவிட்டது. நிறுத்த அதற்கு இடம் இருந்தது. நேரம் அதிகாலை, வேகம் குறைவு. இதில் எதுவும் என் திறமை இல்லை.

முழங்கை தோல் உரிந்து இரத்தம். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டணத்தில் மருந்து போட்டு, ஒரு நாள் எம்.சி. கொடுத்தார்கள். அம்மாவின் தொழிற்சாலையில் மாதம் முழுக்க விடுப்பில்லாமல் வந்தால் 50 வெள்ளி வருகைப் படி உண்டு. எம்.சி. எடுத்தாலும் அந்தப் படி போய்விடும். அந்த மாதம் போயிற்று. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கிளினிக்கில் எண் அழைக்கக் காத்திருந்தபோது, "டப்பா மூடி நசுங்கிப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றும் முன் குனிந்து ஓர் இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் அந்த இரும்புக் கையின் நட்டு, விரலால் சுற்றினாலே சுற்றியது. ஸ்பிலிட் பின் இல்லை. நான் அதைத் திருப்பிப் போடவே இல்லை. வீட்டு வாசலில் செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும்.

"இது கழண்டு விழுந்து நீ பிரேக் மிதிச்சிருந்தா, தட்டு சக்கரத்தோட சேர்ந்து சுத்திரும் தம்பி. கம்பி வளைஞ்சி சக்கரம் அப்படியே பூட்டிக்கும். பஞ்சர் ஆனதால பொழச்சே" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று மாலை நான் கூட்டரசு நெடுஞ்சாலையில் போயிருக்க வேண்டியவன்.

டியூபை உருவி எடுத்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு, பாம்பு கடித்த அடையாளம் போல. காற்றுக் குறைவான டயர் குழியில் இறங்கும்போது ரிம்மின் இரு விளிம்பும் டியூபைத் தரையோடு நசுக்கும், அதன் தழும்பு இது என்றார். பிறகு டயரைத் திருப்பி, நான் பார்க்காமல் விட்ட அந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசியில் 2421 என்று இருந்தது. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். 2021ஆம் ஆண்டின் 24வது வாரத்தில் செய்த டயர். "நாலு வருசம் எங்கயோ தூங்கிட்டு வந்திருக்கு லா. அதான் அம்பத்தெட்டு வெள்ளி." ரப்பர் உபயோகிக்காமல் இருந்தாலும் நாளாக ஆக இறுகும். தேயாது என்பதால் நல்லது போலத் தெரியும், ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும். இணையத்தில் விற்பதெல்லாம் பழசு என்று நான் சொல்லவில்லை. புதிய தேதியோடு, குறைந்த விலைக்கு வாங்கிய நண்பர்களும் உண்டு. கேட்டு வாங்கினார்கள். நான் கேட்கவில்லை.

பத்துக்கும் இருபதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடை வாடகை, காற்று இயந்திரத்தின் மின்சாரம், பையனின் சம்பளம் எல்லாம் டயரில் வரும் இலாபத்தில் ஓடுகின்றன. அவரிடம் டயர் வாங்கினால் கூலியை அவர் பாதியாக்க முடியும். வெளியிலிருந்து வந்த டயரில் அவருக்கு இலாபம் இல்லை. மாட்டும்போது டியூப் கிழிந்தால் மட்டும் அது அவர் தலையில். அன்றைக்கு எனக்கு டியூப் 12, கூலி 10 மட்டும் வாங்கினார். ஸ்பிலிட் பின்னுக்குக் காசு வாங்கவில்லை.

இனி நோட்டில் உள்ள மீதி வரிகள். டயர், தபால் 64. டியூப் 11. கருவிகள் 43. இரண்டாவது டியூப் 12. மூன்றாவது டியூப் 12. கூலி 10. கிளினிக் 1. அம்மாவின் படி 50. மொத்தம் 203 வெள்ளி. கடையில் கேட்ட விலை 97.

கணக்கில் வராத ஒரு பொருளும் இருக்கிறது. பழைய டயரைப் பட்டறையில் விட்டு வந்தால் அதை அப்புறப்படுத்துவது அவர்கள் பாடு. நான் வீட்டின் பின்புறம் சுவரில் சாய்த்து வைத்து மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பாட்டி கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் ஏடிஸ் கொசு பெருக இடம் கொடுத்தால் 500 வெள்ளி வரை அபராதச் சம்மன் வரும். சுகாதார அதிகாரிக்கு முன்னால் பாட்டி பார்த்துவிட்டதால் அந்த வரியை நோட்டில் எழுத வேண்டி வரவில்லை.

இதோடு கருவிகளை விற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை மதியம் பட்டறையில் கூட்டம் குறைவாக இருக்கும். "சொல்லித் தர்றீங்களா அண்ணே?" என்று கேட்டதற்கு அவர் ஒரு பழைய சக்கரத்தை என் முன்னால் உருட்டிவிட்டார். நான்கு சனிக்கிழமைகள் அதையே கழற்றிக் கழற்றி மாட்டினேன். எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்தில் அழுத்திப் பிடிப்பது, ஓரத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவுவது (எஞ்சின் எண்ணெய் கூடாது, ரப்பரைக் கெடுக்கும்), டியூபுக்கு முதலில் கொஞ்சம் காற்று விட்டு உருண்டையாக்கிக்கொண்டு உள்ளே வைப்பது, ஆரக்கம்பிகளின் முனை குத்தாமல் ரிம்மைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையைச் சரிபார்ப்பது, சுழலும் திசை காட்டும் அம்பைப் பார்ப்பது. கடைசிச் சாண் அளவைக் கம்பியால் அல்ல, இரண்டு கட்டை விரலால் தள்ளி ஏற்ற வேண்டும். ஏறவில்லை என்றால் பலம் போதவில்லை என்று பொருள் அல்ல, எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது என்று பொருள். முன் டயரை நானே வீட்டில் மாற்றியபோது முப்பத்தைந்து நிமிடம் ஆனது. டியூப் கிழியவில்லை.

இதெல்லாம் டியூப் உள்ள டயருக்கு. டியூப் இல்லாத டயர் போட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கும் முன் யோசியுங்கள். அந்த டயரின் ஓரம் ரிம்மில் காற்றுப் புகாமல் போய் உட்காரக் காற்று ஒரே மூச்சில் வேகமாக உள்ளே போக வேண்டும். கால் பம்பால் மிதித்து மிதித்து அது பெரும்பாலும் நடக்காது. அந்த வகை டயருக்கு ஆணி ஏறினால் வெளியிலிருந்தே அடைக்கும் ரப்பர் திரியை வாங்கி வைத்துக்கொள்வது போதும்.

எனக்கு 43 வெள்ளி திரும்பி வந்தது டயர் மாற்றியதில் அல்ல. ஒரு வெள்ளி இரவு வேலை முடிந்து, பதினொன்றரை மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தில் வந்துகொண்டிருந்தேன். பின் சக்கரம் தள்ளாடத் தொடங்கியதும் இந்த முறை எனக்கு அது புரிந்தது. மெதுவாக ஓரம் கட்டினேன். இருட்டில் நிற்காமல், விளக்கு இருக்கும் மேம்பாலத்தின் அடிவரை தள்ளிக்கொண்டு போனேன். வண்டியை ஏற்றிச் செல்லும் ஒருவருக்கு அழைத்தால் அந்த நேரத்துக்கு 80 வெள்ளி என்றார். பையில் ஒரு டியூப், இரண்டு கம்பி, சின்னக் கைப்பம்பு, ஸ்பேனர்கள். ஐம்பது நிமிடம் ஆனது, பாதி நேரம் கைப்பேசி வெளிச்சத்தில் புஷ் ஒன்றைத் தேடியதில் போயிற்று. முதலில் வந்த பெட்ரோல் நிலையத்தில் நின்று அளவோடு காற்றடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆனாலும் போன மாதம் பின் டயர் மீண்டும் தேய்ந்தபோது பட்டறைக்குத்தான் போனேன். டயரின் தேதியைக் கேட்டேன். 98 வெள்ளி சொன்னார், கொடுத்தேன். அம்மா ஏறும் சக்கரத்தை இரண்டாவது ஒருவரின் கண் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. முன் சக்கரத்தை மட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன். அது நியாயமான பிரிவினைதானா என்று கேட்டால் பதில் இல்லை. விழுந்தால் இரண்டு சக்கரமும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தியதும் அம்மா வெளியே வந்தார். காய்கறி முற்றலா என்று பார்ப்பதுபோல் கட்டை விரலால் டயரை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு குனிந்து, சக்கரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"பின் போட்டாச்சாடா?"